கம்பளி போர்த்தினால் குழாய்க்குக் குளிராதா?

மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினம் கடற்கரையைப் பார்க்க வேண்டும்! எள் போட்டால் எள் விழாது. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காக அன்று இங்கே எழுந்தருளுகிறார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று உரிமை கொண்டாடி வரவேற்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். அந்நியர்கள் அல்ல. இந்த ஊர்ப் பிள்ளைகள்தான். மார்கழியில் விமானம் ஏறி வந்து, பொங்கலைப் பார்த்து, மாசி மகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று தங்கியிருப்பவர்கள்.

அவர்களில் ஒருவருடைய கைப்பேசி ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேசுகிறவர் பாரிஸ் நகருக்குப் பக்கத்தில், அவருடைய அடுத்த வீட்டுக்காரர்.

"உங்கள் வீட்டுக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வருகிறது. தெரு வரைக்கும் ஓடுகிறது!" என்கிறார்.

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாயிற்று. எல்லாக் குழாய்களையும் இறுக்கி மூடியாயிற்று. பிறகு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

எல்லாக் குழாய்களையும் இறுக்கி மூடினாரே, அங்கேதான் தவறு நடந்துவிட்டது. அதிலும் தோட்டத்துக் குழாயை மூடியதுதான் பெரிய தவறு.

இந்த ஊரில் தெரியாத சங்கதி

திருமலைராயன்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது உடனே விளங்காது. இங்கே விடியற்காலையில் மார்கழிப் பனி பெய்யும். முதியவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். அவ்வளவுதான். மார்கழி, தை மாதங்களில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தண்ணீர் உறைவதற்கோ 0 டிகிரி வரை போக வேண்டும்.

இந்த ஊரின் மேல் மண்மாரி பெய்யும்படி காளமேகப் புலவர் பாடிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. மண்மாரிக்குக் கதை இருக்கிறது. பனிக்கட்டி மாரிக்குக் கதைகூடக் கிடையாது!

ஆனால், காரைக்கால் வட்டாரத்துக் குடும்பங்களுக்கும் குளிர்நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அதன்பின் 6 மாதத்துக்குள், விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கேட்டுப் பெறலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் வைத்தார்கள். அப்படிப் பெற்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்ஸில் வாழ்கிறார்கள். பாரிஸுக்கு வடக்கே சார்செல், லா கூர்நேவ் போன்ற இடங்களில் தமிழ்க் கடைகள் உண்டு. தமிழ்ப் பேச்சும் கேட்கும்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. சொந்தமாக ஒரு தனி வீடும், பின்னால் ஒரு துண்டுத் தோட்டமும் வாங்கியவர்களுக்குத்தான் கவலை. தோட்டம் என்றால் சுவருக்கு வெளியே ஒரு குழாய் இருக்கும். அதில் ஒரு ரப்பர் டியூப் மாட்டியிருக்கும். நம்மவர் தோட்டம் அல்லவா? கோடையில் கத்தரியும் மிளகாயும் கொத்தமல்லியும் போட்டிருப்பார்கள்.

சாதுவான தண்ணீர் முரடாகிறது

உலகத்தில் பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரும் முதலில் சுருங்கத்தான் செய்கிறது. 4 டிகிரி வரை வந்ததும் அதற்கு என்னவோ தோன்றிவிடுகிறது! அதற்குப் பிறகு குளிரக் குளிரக் கொஞ்சம் விரிகிறது. 0 டிகிரியில் ஐஸாகும்போது திடீரென்று நன்றாகவே விரிகிறது. 11 படி தண்ணீர் ஐஸானால் சுமார் 12 படி இடம் கேட்கும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஐஸ் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே மிதக்கும். குளிர்நாட்டு ஏரிகளில் மேலே மட்டும் ஐஸ் மூடிக்கொள்ள, அடியில் மீன்கள் உயிரோடு நீந்துகின்றன. ஐஸ் அடியில் போய்த் தங்குவதாக இருந்தால் மீன்களின் கதி என்ன ஆவது?

மீனுக்கு நன்மையான இந்தக் குணம் பைப்புக்கு எமன். ஒரு படி அதிக இடம் வேண்டும் என்று தண்ணீர் கேட்கிறது. பைப்பில் இடம் ஏது?

இரும்புப் பைப்பானாலும், செப்புப் பைப்பானாலும் பிளந்துவிடும். ஆனால், பலரும் நினைப்பதுபோல ஐஸ் பக்கவாட்டில் நெருக்கித்தான் பைப் வெடிக்கிறது என்று சொல்ல முடியாது. நடப்பது வேறு. பைப்பின் நடுவில் ஓரிடத்தில் ஐஸ் அடைப்பு உண்டாகிறது. அந்த அடைப்பு புட்டிக்கு வைத்த தக்கைபோல உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அது வளர வளர, முன்னால் இருக்கிற தண்ணீரைத் தள்ளுகிறது. முன்னாலோ குழாய் இறுக்கி மூடப்பட்டிருக்கிறது. தண்ணீர் எங்கே போகும்? பின்னால் ஐஸ், முன்னால் மூடிய குழாய். நடுவில் அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம், சாதாரண நாளில் இருப்பதைப்போலப் பல பத்து மடங்கு ஏறிவிடும். பைப்பில் எந்த இடம் பலவீனமோ அந்த இடம் தெறிக்கும். அந்த இடத்தில் ஐஸே இல்லாமலும் இருக்கலாம்!

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெளிக்குளிர் 0 டிகிரிக்குக் கீழே சுமார் 7 டிகிரி வரை போகும்போது, காப்பில்லாத பைப்புகளுக்கு ஆபத்து தொடங்குகிறது என்று கண்டார்கள். காற்றும் அடித்தால் அதற்கு முன்பே ஆபத்துதான்.

இன்னொரு வேடிக்கை. பைப் பிளந்த அன்று யாருக்கும் தெரியாது. ஐஸே அடைப்பாக நின்று தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருக்கும். நான்கைந்து நாள் கழித்து நல்ல வெயில் வரும். "அப்பாடா, குளிர் விட்டது" என்று எல்லாரும் மகிழ்ச்சி அடைவார்கள். அன்றுதான் ஐஸ் உருகி, பிளவு வழியாகத் தண்ணீர் கொட்டும். தோட்டத்துக்குப் போகிற பைப் சுவருக்குள் புகுந்து வருகிறது. பிளவு சுவருக்கு உள்பக்கம் இருந்தால், தண்ணீர் தோட்டத்தில் கொட்டாது. கூடத்தில் கொட்டும்! ஆள் இருந்தால் அரை நிமிஷத்தில் வால்வை மூடலாம். பூட்டிய வீட்டில் யார் மூடுவது?

மாமனாரும் சாக்கும்

ஊரிலிருந்து மகள் வீட்டுக்குப் போயிருக்கிற ஒரு மாமனாரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதம். குளிர் வருகிறது என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். அவர் சும்மா இருப்பாரா?

"மாப்பிள்ளை, தோட்டத்துக் குழாய்க்கு நல்ல கனமான சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிட்டேன். இனிமேல் கவலை இல்லை."

"மாமா, சாக்கு சுற்றினீர்கள், சரி. உள்ளே தண்ணீர் இருக்கிறதே?"

"இருந்தால் என்ன? கம்பளி போர்த்தினால் நமக்குக் குளிரா விட்டுவிடவில்லையா?"

"நமக்கு உடம்பில் சூடு இருக்கிறது மாமா. குழாய்க்கு ஏது?"

மாப்பிள்ளை சொன்னதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்பில் ஊறுகிற சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. மனிதன் சோறு தின்கிறான், இரத்தம் ஓடுகிறது, சூடு ஊறிக்கொண்டே இருக்கிறது. பைப்பில் நிற்கிற தண்ணீருக்கு அப்படி ஒன்றும் இல்லை. சாக்கைச் சுற்றினால் 2 மணிக்கு உறைய வேண்டியது 5 மணிக்கு உறையும். குளிர் ஒரே இரவோடு போய்விட்டால் அந்தத் தாமதம் போதும். பத்து நாள் நீடித்தால்? சாக்கும் நனைந்து, அதுவும் ஐஸாகிவிடும்.

பிரான்ஸில் அப்படி நீடித்த குளிர் வந்ததுண்டு. 1956 பிப்ரவரியில் மாதம் முழுவதும் என்று சொல்லும்படி கடுங்குளிர். தெற்கே புரோவான்ஸ் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் காய்த்த ஆலிவ் மரங்கள் பட்டுப்போயின. 2012 பிப்ரவரியிலும் ஏறக்குறைய இரண்டு வாரம் விடாமல் அடித்தது. இரண்டுமே பிப்ரவரி. அதாவது நம்முடைய மாசி மாதத்தை ஒட்டி.

போர்த்தாதே, காலி செய்!

அப்படியானால் வழி என்ன? மிகவும் எளிது. செலவு ஒரு காசு இல்லை. தண்ணீர் இருந்தால்தானே உறையும்? குளிர் வருவதற்கு முன்னால் பைப்பைக் காலி செய்துவிட வேண்டும்.

தோட்டத்துக்குப் போகிற பைப்புக்கு வீட்டுக்குள்ளே, பெரும்பாலும் நிலவறையிலோ சமையலறைத் தொட்டிக்கு அடியிலோ, தனியாக ஒரு வால்வு இருக்கும். முதலில் அதை மூட வேண்டும். பிறகு வெளியே போய், ரப்பர் டியூப்பைக் கழற்றிவிட்டு, தோட்டத்துக் குழாயை முழுவதும் திறக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் கொட்டும். பிறகு சொட்டும். பிறகு நிற்கும். "நின்றுவிட்டது, முடிந்தது" என்று போய்விடக் கூடாது. பல வீடுகளில் அந்த உள் வால்வின் வயிற்றில் ஒரு சிறு திருகு இருக்கும். அதற்கு அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துத் திருகைத் தளர்த்தினால், மிச்சம் நிற்கிற தண்ணீரும் இறங்கிவிடும். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் வெளியே வரும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் தயங்கித் தயங்கி வருகிறது; எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் கடகடவென்று வருகிறது அல்லவா? அதே கணக்குத்தான்.

எல்லாம் முடிந்த பிறகு வெளிக் குழாயை மூடலாமா? கூடாது. குளிர்காலம் முழுவதும் அது திறந்தே இருக்கட்டும். பைப்பின் மூலையில் ஒரு ஆழாக்குத் தண்ணீர் தங்கி உறைந்தாலும், விரிவதற்கு அதற்கு வழி இருக்கும். நம் ஊரில் குழாயைத் திறந்து போட்டால் அம்மா திட்டுவார். அங்கே மூடி வைத்தால்தான் திட்டு!

ரப்பர் டியூப்பைக் கழற்றச் சொன்னோமே, அதை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். குளிர்நாடுகளில் ஒரு விசேஷக் குழாய் விற்கிறார்கள். கைப்பிடி சுவருக்கு வெளியே இருக்கும். தண்ணீரை அடைக்கிற வாஷரோ ஒரு முழம் உள்ளே தள்ளி, வீட்டின் வெதுவெதுப்பில் இருக்கும். மூடியவுடன் வெளிப்பகுதியில் உள்ள தண்ணீர் தானாக வடிந்துவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் வாயில் ரப்பர் டியூப்பை மாட்டியபடியே விட்டால் தண்ணீர் வடிவதற்கு வழி ஏது? விலை கொடுத்து வாங்கிய குழாய் ஒரே இரவில் வீண்!

மண்ணுக்குள் போகிற பைப்புக்கு மண்ணே போர்வை. குளிர் மேலிருந்துதான் இறங்குகிறது. பூமியின் அடியில் சூடு இருக்கிறது. ஆகவே ஆழமாகப் புதைத்தால் போதும். பாரிஸ் சமவெளியில் அரை மீட்டருக்கு மேல் தோண்டுகிறார்கள். மலைப் பக்கத்தில் ஒரு மீட்டர் வரை போக வேண்டியிருக்கும். கனடாவில் டொராண்டோ பக்கம் இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்களே, அங்கே நிலம் சுமார் 4 அடி ஆழம் வரை உறையக்கூடும். புல்தரைக்கு நீர் தெளிக்கிற பைப்புகளை அவ்வளவு ஆழத்தில் யார் புதைப்பது? அதனால் குளிர்காலத்துக்கு முன்பே காற்று அடிக்கிற எந்திரத்தைக் கொண்டுவந்து, பைப்புக்குள் காற்றைச் செலுத்தி, தண்ணீரை ஊதித் தள்ளிவிடுகிறார்கள். அடுப்பு ஊதுகிற குழலில் அகப்பட்ட சாம்பலை ஊதி எறிகிறோமே, அதைப்போல!

தண்ணீர் மீட்டர் மட்டும் காலி செய்ய முடியாத இடம். பிரான்ஸில் அது பெரும்பாலும் தெருவோரக் குழியில் இருக்கும். அதற்குப் போர்வைதான் கதி. ஆனால் வைக்கோல், பழந்துணி வேண்டாம். அவை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தாமே உறையும். தெர்மோகோல் என்கிறோமே, அந்த வெள்ளை அட்டையை வெட்டி மேலும் பக்கமும் வைக்கிறார்கள். மீட்டர் உடைந்தால் செலவு பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

ஊட்டியிலும் லடாக்கிலும்

நம் நாட்டிலும் குளிர் இல்லாமல் இல்லை. உதகமண்டலத்தில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறது. தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் 0 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. புல்வெளி உப்புக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும்; மோட்டார் காரின் கூரையில் ஐஸ் படிந்திருக்கும். ஆனால் அங்கே கடுமை சில மணி நேரம்தான். காலை 9 மணிக்குப் பளிச்சென்று வெயில் வந்துவிடுகிறது. ஆகவே பைப்பைவிடச் செடிகளுக்குத்தான் அதிக ஆபத்து. தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழையால் மூடி வைக்கிறார்கள். மாமனாரின் சாக்கு வைத்தியம் ஊட்டிக்குப் போதும்!

லடாக்கில் போதாது. அங்கே லே நகரில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோவதால், லாரிகளில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அங்கேதான் சோனம் வாங்சுக் என்ற பொறியாளர் 2013 முதல் ஐஸ் கோபுரம் கட்டுகிற முறையைச் செய்து காட்டினார். உயரத்திலிருந்து பைப் வழியாக ஓடைத் தண்ணீரைக் கொண்டுவந்து, இரவில் பீச்சி அடித்து, கோபுரம்போல உறையவைப்பது. வசந்த காலத்தில் அது உருகி வயலுக்குப் பாயும். ஆகாயத்தில் உறைய வேண்டிய தண்ணீர் பைப்புக்குள்ளேயே உறைந்துவிடுவதுதான் அந்த வேலையில் பெரிய தொல்லை. ஓட்டம் நின்றால் பைப் போச்சு!

ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாது. இதனால்தான் குளிர்நாட்டு வீடுகளில், காலி செய்ய முடியாத குழாயைக் கடுங்குளிர் இரவில் இலேசாகச் சொட்டவிடுகிறார்கள். சொட்டுகிற தண்ணீர் ஓட்டமும் கொடுக்கிறது. ஐஸ் அடைப்பு தள்ளுகிற அழுத்தத்துக்கு ஒரு வாசலும் திறந்து வைக்கிறது.

உறைந்தே போனால்?

காலையில் எழுந்து திருகினால் சொட்டுத் தண்ணீர் இல்லை. பதற வேண்டாம். குழாயைத் திறந்தபடியே வைத்து, உள் வால்வு எங்கே என்று பார்த்து, அதை மூடிக்கொள்ள வேண்டும். பைப் பிளந்திருந்தால் உருகியவுடன் வெள்ளம் வராமல் இருப்பதற்காக. பிறகு தலைமுடி உலர்த்துகிற கருவியாலோ, வெந்நீரில் நனைத்த துணியாலோ, குழாயின் வாயருகே தொடங்கி உள்நோக்கி மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். நடுவில் தொடங்கினால், உருகிய நீர் இரண்டு அடைப்புகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். மின்சாரக் கருவியை ஈரக் கையால் தொடவே கூடாது.

தீப்பந்தம் காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். அவசரக்காரர்கள் தீயைக் காட்டி, பைப்பைக் காப்பாற்றப் போய் வீட்டையே கொளுத்திக்கொண்டதுண்டு.

மாசி மகத்துக்கு ஊருக்கு வருகிறவர்கள், பெட்டி கட்டுகிற அன்றே செய்ய வேண்டியது இன்னொன்று. வீட்டுக்கு வருகிற தலைமை வால்வையே மூடிவிட்டு, உள்ளே உள்ள குழாய்களையும் திறந்து வடித்துவிடலாம். வெந்நீர் அடுப்பும் சூட்டுக் கருவிகளும் உள்ள வீட்டில் இதை முதல் தடவை குழாய் வேலை தெரிந்தவரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. வீடு முழுவதும் சூடாக்குகிற ஏற்பாட்டை அடியோடு அணைத்துவிட வேண்டாம். உறையாமல் காக்கும் அளவுக்குக் குறைத்து வைக்க அதில் ஓர் இடம் இருக்கும். காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டில் பைப்பைக் காலி செய்யாமல் போயிருந்தால், நஷ்ட ஈட்டைக் குறைப்போம் என்று பல பத்திரங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவியையும், வால்வு இருக்கிற இடத்தையும் சொல்லி வைத்துவிட்டு வந்தால், பெருமாளை நிம்மதியாகச் சேவிக்கலாம்.

மறுபடி எப்போது தோட்டத்துக் குழாயைத் திறப்பது? பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் மே மாதம் 11, 12, 13 தேதிகளை "ஐஸ் முனிவர்களின் நாள்கள்" என்று சொல்லுகிறார்கள். மாமேர், பங்கிராஸ், செர்வே என்று மூன்று முனிவர்களின் திருநாள்கள் அவை. அது கழிகிற வரையில் உறைபனி திரும்பி வரலாம் என்று பயந்து, தக்காளி நாற்றைக்கூட வெளியே நடமாட்டார்கள். அந்த மூன்று நாளும் நம் திருமலைராயன்பட்டினத்தில் கத்திரி வெயில்! பகலில் தோட்டத்து ரப்பர் டியூப்பைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர். அதை அப்படியே செடியின் மேல் பீச்சினால் தளிர் வெந்துபோகும். முதல் இரண்டு வாளியைத் தொட்டியில் பிடித்து ஆறவைத்துவிட்டு, கைக்குக் குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகு செடிக்கு ஊற்றுங்கள்.